கடலை உள்ளே விடுகிற ஊர்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கிற பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஐரோப்பா சுற்றி வந்தவர் என்று தலைவர் என்னை அறிமுகப்படுத்திவிட்டார். ஈஃபிள் கோபுரத்தையும் சுவிஸ் பனிமலையையும் எதிர்பார்த்து யாராவது வந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், டென்மார்க் எல்லையை ஒட்டி, வடக்கு ஃப்ரீஸ்லாந்து என்று ஒரு கடலோரம் இருக்கிறது. ஜெர்மனியிலேயே பலர் அதை ஆடும் காற்றும் மட்டும் இருக்கிற இடம் என்பார்கள். மகள் ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டில் இருந்து ரயில் ஏறினால் சில மணி நேரம். பொதுப்பணித்துறையில் ஏரி, கரை, மதகு என்று காலம் தள்ளியவனுக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

ரயில் ஹூசும் ஊரைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. மேடு என்று கண்ணில் படுவது பெரும்பாலும் மனிதன் போட்டதுதான். வயலுக்கும் வயலுக்கும் இடையில் வேலி கிடையாது, வாய்க்கால்தான் வேலி. மே மாதம் போனால் கடுகு இனத்துச் செடி ஒன்று, எண்ணெய்க்காக வளர்ப்பது, கண் கூசுகிற மஞ்சளில் பூத்திருக்கும். அதற்கு மேலே வரிசை வரிசையாகக் காற்றாலைகள். எதிரில் வருகிறவர்கள் காலை, மாலை, ராத்திரி எதுவானாலும் 'மொய்ன்' என்று ஒரே வார்த்தையில் வணக்கத்தை முடித்துக்கொள்கிறார்கள். இரண்டு முறை சொன்னால் வாயாடி என்று பெயராம்.

இந்த வயல்கள் எல்லாம் ஒரு காலத்தில் கடல். கரை கட்டி, உள்ளே மாட்டிக்கொண்ட நீரை வடித்து, நிலமாக்கியிருக்கிறார்கள். அப்படி எடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் 'கோக்' என்று பெயர். கரையில் மதகு வைத்திருப்பார்கள். பழைய மதகுகளின் வேலை ரொம்ப அழகு: கடல் இறங்கும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போகும், கடல் ஏறும்போது அந்த அழுத்தமே கதவைச் சாத்திவிடும். ஆள் வேண்டாம், சாவி வேண்டாம். இப்போது பல இடங்களில் பம்பு வைத்திருக்கிறார்கள். ஏன் பம்பு தேவைப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வடித்த மண் காய்ந்து அமுங்குகிறது. கடல் உள்ளே வராததால் புது வண்டலும் படிவதில்லை. அதனால் பழைய கோக் தாழ்வாகவும், நேற்றுக் கட்டிய கோக் மேடாகவும் இருக்கிறது. ஒரு கரையில் இருந்து அடுத்த கரைக்கு நடந்தால் படி இறங்குகிற மாதிரி இது தெரியும். கடலைப் பூட்டி வெளியே வைத்ததற்கு அந்த நிலம் கொடுக்கிற வாடகை இது.

கடலைத் தடுக்கிற கரைகள் எட்டு, ஒன்பது மீட்டர் உயரம். மேலே முழுக்கப் புல், புல் மேல் ஆடுகள். ஆடுகள் சும்மா நிற்கவில்லை, அவை கரைப் பராமரிப்பில் சேர்த்தி. மேய்ந்தால் புல் குட்டையாகி வேர் அடர்த்தியாகும். சின்னக் குளம்பு பட்டு மண் கெட்டிப்படும். மாட்டை விடமாட்டார்கள், அது கரையை மிதித்து உடைத்துவிடும்.

நம் ஊரில் குடிமராமத்து என்று இருந்ததே, அதன் கடுமையான அண்ணன் அங்கே இருந்திருக்கிறது. ஒவ்வொரு விவசாயிக்கும் கரையில் ஒரு பங்கு. உன் பங்கை நீ பார்த்துக்கொள்ள வேண்டும். முடியவில்லையா, உன் மண்வெட்டியைக் கரையில் குத்தி வைத்துவிட்டு நிலத்தை விட்டுப் போ. அந்த மண்வெட்டியை யார் பிடுங்குகிறானோ நிலம் அவனுக்கு, கரைப் பொறுப்பும் அவனுக்கு. 'கரை கட்டாதவன் காலி செய்யட்டும்' என்கிற பொருளில் அங்கே ஒரு பழமொழியே உண்டு. குடும்பத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தன் மண்வெட்டியைத் திரும்பிப் பார்த்தபடி ஒருவன் போயிருப்பான் இல்லையா? நான் அந்தக் கரை மேல் நின்றபோது அதைத்தான் நினைத்தேன்.

இந்தச் சட்டம் தனி ஆளோடு நிற்கவில்லை, ஒரு தீவையே பிடித்தது. ஸ்ட்ராண்ட் என்று பெரிய தீவு ஒன்று இருந்தது. 1634 அக்டோபரில் ஒரே ராத்திரியில் கடல் அதன் கரைகளை உடைத்து உள்ளே புகுந்தது. அந்தக் கடலோரம் முழுவதிலும் எட்டாயிரம் பேருக்குக் குறையாமல் செத்தார்கள். ஸ்ட்ராண்ட் துண்டு துண்டானது. அதன் மிச்சம்தான் இன்றைய பெல்வோர்மும் நோர்ட்ஸ்ட்ராண்டும். நோர்ட்ஸ்ட்ராண்ட் பகுதியில் பிழைத்தவர்களுக்குத் திரும்பக் கரை எழுப்பப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அந்தப் பகுதியை ஆண்ட கோட்டோர்ஃப் பிரபு என்ன செய்தார்? 1652இல் நெதர்லாந்துப் பக்கத்து முதலாளிகளை அழைத்து, கரை கட்டுங்கள், நிலம் உங்களுக்கு என்று எழுதிக்கொடுத்தார். வெள்ளத்தில் வீடு போனவன் அடுத்துச் சட்டத்தில் நிலத்தையும் இழந்தான்.

அதற்குக் கிட்டத்தட்ட முந்நூறு வருடம் முன்பே, 1362 ஜனவரியில், இன்னொரு பெரும் புயல் வெள்ளம். ருங்ஹோல்ட் என்ற வியாபார ஊர் அதில்தான் மூழ்கியது. பாவம் செய்தார்கள், கடல் கொண்டது என்று பாதிரிமார் கதை சொன்னார்கள். எனக்கு அதைவிடப் பிடித்த காரணம் உப்பு. அங்கே தரைக்கு அடியில் கடல்நீர் ஊறிய கரிமண் இருக்கிறது. அதை வெட்டி, எரித்து, சாம்பலைக் கரைத்துக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். நல்ல விலை. ஆனால் வெட்ட வெட்ட நிலம் தாழ்ந்தது. நிலத்தையே விற்றுக் காசாக்கிவிட்டு அதற்கு மேல் கரை கட்டி உட்கார்ந்தால் எத்தனை நாள் தாங்கும்? 2023இல் ஸூட்ஃபால் என்ற சின்னத் தீவின் அருகே, சேற்றுக்குள் நாற்பது மீட்டர் நீளமுள்ள ஒரு தேவாலயத்தின் அடித்தடத்தை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ருங்ஹோல்ட் பகுதியின் முக்கியக் கோவிலாக அது இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

சரி, கரைக்கு வெளியே வருவோம். நான் பேச வந்ததே அதைத்தான்.

கரைக்கு வெளியே, அலைகளுக்கு நடுவே, பத்துச் சின்னத் தீவுகள் இருக்கின்றன. 'ஹல்லிக்' என்று பெயர். ஹோகெ, லாங்கெனெஸ், ஓலாண்ட், க்ரோடெ, நோர்ட்ஸ்ட்ராண்டிஷ்மோர், இப்படி. எல்லாவற்றையும் கூட்டினாலும் முந்நூறு பேர் தேறாது. க்ரோடெயில் ஒரு கைப்பிடி வாக்காளர்தான்; தேர்தல் அன்று ஜெர்மனியிலேயே முதலில் எண்ணி முடிக்கிற ஊர்களில் அதுவும் ஒன்று.

ஹல்லிக்குக்குப் பெரிய கரை கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் கடலைத் தடுக்கவில்லை. புல்வெளி அதன் பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, நடுவில் மண்ணைக் கொட்டி மேடு கட்டி, அதன் மேல் வீட்டை வைத்தார்கள். மேட்டுக்கு 'வார்ஃப்ட்' என்று பெயர். ஒரு மேட்டில் ஒரே வீடு இருக்கும், அல்லது பத்து வீடு, தொழுவம், பள்ளிக்கூடம். புயல் அடித்து நீர் ஏறினால் புல்வெளி முழுதும் கடலுக்குள் போய்விடும், மேடுகள் மட்டும் தெரியும். ஆண்டுக்குச் சில முறை, தாழ்ந்த தீவுகளில் இருபதுக்கும் மேல், இது நடக்கிறது. வானொலியில் எச்சரிக்கை வந்ததும் கீழே மேய்கிற மாடுகளை மேலே ஓட்டுவார்கள், காரை மேலே ஏற்றுவார்கள், அப்புறம் டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மறுநாள் நீர் வடியும். பள்ளிக்கு அன்று விடுமுறை.

குடிதண்ணீர்க் கதையை ஒரு மதகு இன்ஜினியரிடம் விட்டால் ராத்திரி முழுக்கச் சொல்வேன், சுருக்கிக்கொள்கிறேன். சுற்றி எல்லாம் உப்பு. அதனால் மேட்டின் நடுவில் ஒரு குளம் வெட்டி மழைநீரைப் பிடித்தார்கள், அது மாடுகளுக்கு. பக்கத்தில் கட்டிய கிணறு மனிதர்களுக்கு. மேட்டின் விளிம்பைவிடக் குளம் உள்ளே இருக்கும், கடல் எட்டக் கூடாது என்பதற்காக. பெரும்புயலில் எட்டிவிட்டால் வீடு தப்பினாலும் ஊர் தாகத்தில் தவிக்கும். நிலப்பகுதியில் இருந்து கடலுக்கு அடியில் குழாய் போட்டது 1960களை ஒட்டித்தான். குளங்கள் இன்னும் இருக்கின்றன, வாத்துகள் நீந்துகின்றன.

வீடு தப்புமா என்பதும் எப்போதும் உறுதியாக இருந்ததில்லை. 1825 பிப்ரவரியில் கடல் மேடுகளுக்கே ஏறிப் பல வீடுகளை அடித்துப்போனது. அந்தப் பகுதி அப்போது டென்மார்க் அரசருக்குக் கீழே. ஆறாம் ஃப்ரெடெரிக் கோடையில் சேதம் பார்க்க ஹோகெக்கு வந்தார். வானிலை மோசமாகித் திரும்ப முடியாமல், ஒரு கப்பல் தலைவரின் வீட்டில் ராத்திரி தங்க வேண்டியதாயிற்று. நீல வெள்ளை ஓடுகள் பதித்த அந்த அறையை இன்றும் 'அரசர் அறை' என்று டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். ராஜாவாக இருந்தாலும் அங்கே படகு கடல் சொன்ன நேரத்துக்குத்தான் கிளம்பும்.

1962 பிப்ரவரியில் வந்த வெள்ளத்தில் ஹாம்பர்க் நகரிலேயே முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஹல்லிக் வீடுகளில் ஒரு ஏற்பாடு வந்தது. வீட்டுக்குள்ளேயே, மேட்டின் அடிவரை இறங்குகிற கான்கிரீட் தூண்கள் மேல் மாடியில் ஒரு அறை. சுவர் எல்லாம் இடிந்து அடித்துப்போனாலும் அந்த அறை மட்டும் தண்ணீருக்கு மேல் நிற்கும். நான் தங்கிய வீட்டில் அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மாள் கூச்சத்தோடு கதவைத் திறந்தார். உள்ளே பேரப்பிள்ளைகளின் பொம்மைகள், இஸ்திரி மேசை, காயப்போட்ட துணி.

அன்றாட வாழ்க்கை எப்படி என்று கேட்பீர்கள். எல்லாம் அலை அட்டவணைப்படி. கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்குகிறது, வித்தியாசம் மூன்று மீட்டர் அளவுக்கு. ஏற்ற நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே 'தினமும் காலை எட்டரைக்குப் படகு' என்பது பல துறைகளில் நடக்காத காரியம். மருத்துவர் கிடையாது, பெரிய தீவுகளில் செவிலியர் இருக்கிறார், ஆபத்து என்றால் ஹெலிகாப்டர். பள்ளியில் எல்லா வகுப்பும் ஒரே அறையில், சில தீவுகளில் இரண்டு மூன்று பிள்ளைகள்தான். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளை நிலப்பகுதிக்குப் போய்த் தங்கிப் படிக்க வேண்டும். தாய்மார்கள் வெள்ளத்தைவிட இதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

ஓலாண்டுக்கும் லாங்கெனெஸுக்கும் ஒரு வினோதமான ரயில் உண்டு. கடலுக்குள் ஒற்றைத் தண்டவாளம். கரை கட்டக் கல் கொண்டுபோகப் போட்டது. வீட்டுக்கு வீடு சொந்தமாக ஒரு குட்டி வண்டி வைத்திருக்கிறார்கள், சின்ன எஞ்சின், இரண்டு பெஞ்சு. மளிகை, காஸ் சிலிண்டர், மாமியார், எல்லாம் அதில்தான். டிக்கெட் விற்பதில்லை, அந்த ஊர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் மட்டும் ஏறலாம். மழையில் ஏறினேன், ஒழுங்கான கூரை இல்லை. அந்தச் சந்தோஷத்தை விவரிக்க எனக்கு வயதாகிவிட்டது.

கடல் இறங்கிய நேரத்தில் தரையில் நடந்தே சில தீவுகளுக்குப் போகலாம். செருப்பைக் கழற்றிவிட வேண்டும். நடவுக்கு உழுத வயலில் இறங்கின மாதிரி கால் புதையும், அதே குளிர்ச்சி. ஆனால் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. இடையில் ஆழமான ஓடைகள் இருக்கின்றன, நீர் ஏறும்போது முதலில் அவைதான் நிரம்பி, உங்களுக்குப் பின்னால் வழியை அடைத்துவிடும். மூடுபனி வந்தால் திசையும் போச்சு. இந்தச் சேற்றுக்கடலுக்குத்தான் 2009இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தது.

வசந்த காலத்தில் சைபீரியாவுக்குப் போகிற வழியில் ஆயிரக்கணக்கில் வாத்து இனப் பறவைகள் இறங்கி, மாட்டுக்கு வைத்திருந்த புல்லைத் தின்றுவிடும். முன்பு சுட்டார்கள். இப்போது தின்ற புல்லுக்கு அரசு விவசாயிக்குப் பணம் கொடுக்கிறது, பறவை பார்க்க வருகிறவர்கள் அறை வாடகை கொடுக்கிறார்கள். இதைப் பற்றி அங்கே எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

கடைசியாக, என் தொழில் சம்பந்தமான ஒரு விஷயம். கடல்மட்டம் ஏறுகிறது, இந்தத் தீவுகள் முதலில் போய்விடுமே என்று எல்லோரும் நினைப்போம். ஆனால் வெள்ளம் வரும்போதெல்லாம் கடல் புல்வெளியில் வண்டலைப் போட்டுவிட்டுப் போகிறது. மில்லிமீட்டர் கணக்கில்தான், ஆனால் நிலம் உயர்கிறது. கரைக்கு உள்ளே இருக்கிற கோக் தாழ்ந்துகொண்டே போகிறது, வெளியே மூழ்குகிற ஹல்லிக் ஏறுகிறது. இதில் ஹோகெ மட்டும் இரண்டும் கெட்டான். சுற்றுலா அதிகம் வருகிற தீவு அது. நூறு வருடத்துக்கு முன்பு தாழ்வான கல்கரை ஒன்று சுற்றிக் கட்டினார்கள், அதனால் அங்கே வெள்ளம் குறைவு, வண்டலும் குறைவு, மற்றத் தீவுகள் அளவுக்கு நிலம் உயரவில்லை. என்னைக் கேட்டால் அந்தக் கரையில் சில மதகுகளை வேண்டுமென்றே அடிக்கடி திறந்துவிட வேண்டும். அங்கே ஒரு விடுதிக்காரரிடம் இதைச் சொன்னேன். ஆகஸ்டில் திறந்தால் என் அறைகளில் யார் தங்குவார் என்று கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

இப்போதைக்கு அரசு மேடுகளை உயர்த்துகிறது. ஹோகெயில் ஹான்ஸ்வார்ஃப்ட், லாங்கெனெஸில் ட்ராய்பெர்க், இப்படிச் சில மேடுகளை அகலப்படுத்தி, கடல்மட்டம் ஏறப்போவதையும் கணக்கில் எடுத்து மண் கொட்டியிருக்கிறார்கள். ட்ராய்பெர்க்கில் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது மேட்டில் புது வீடுகள். அந்த மண்ணைப் படகில் கொண்டுவந்து சேர்த்த கணக்கு ஒன்று என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.