எஸ்டிபி1-ஐ நம்பாதீர்கள், உங்கள் டிஸ்க்குக்கு நீங்களே பெயர் வையுங்கள்

வணக்கம் மக்களே, தங்கச்சிமடத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது காற்றுதான், ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம் தாங்காது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்ததிலிருந்து இந்தப் பக்கம் கேமராவோடு சுற்றுகிற பசங்க நிறைய. நடுவில் இருக்கும் தூக்குப் பகுதி மேலே ஏறுவதை எடுத்துவிட்டு, சாயங்காலம் கார்டை லேப்டாப்பில் செருகி, அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி போடுகிறார்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அதை ஒரு ஸ்கிரிப்ட்டிடம், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைலிடம், விட்டுவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அந்த ஸ்கிரிப்ட்டில் எஸ்டிபி1 என்று, லினக்ஸ் தானாக டிஸ்க்குக்கு வைக்கிற பெயரை எழுதியிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். டிஸ்க்கைச் செருகியதும் முதலில் கண்டுகொள்வது லினக்ஸின் மையமான கெர்னல், அது செருகும் கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் என்ற நிரலுக்குத் தகவல் தரும், யூடெவ் தன்னிடம் இருக்கும் ரூல்களைப் பார்த்து மற்ற வேலைகளைச் செய்யும். எஸ்டிபி, எஸ்டிசி என்கிற பெயர்களெல்லாம் எது முதலில் கண்ணில் பட்டதோ அந்த வரிசையில் விழுபவை. இன்றைக்கு ஹார்ட் டிஸ்க் முதலில், நாளைக்கு கார்டு ரீடர் முதலில் என்றால் பெயர் இடம் மாறிவிடும். மாறாமல் இருப்பது யூயூஐடி. ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே எழுதப்பட்ட எண் அது. எல்எஸ்பிஎல்கே கட்டளையோடு மைனஸ் எஃப் போட்டுப் பாருங்கள், டிஸ்க்கின் லேபிள், யூயூஐடி, எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது, அதாவது எந்த ஃபோல்டரில் திறந்திருக்கிறது, எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

ஆனால் மெமரி கார்டுக்கு இந்த எண்ணை நம்பாதீர்கள். கேமராவில் ஃபார்மேட் கொடுத்தால் அதுவும் மாறிவிடும், நீங்கள் வைத்த லேபிளும் போய்விடும். அதனால் கார்டை, செருகியதும் மவுண்ட் செய்கிற யூடிஸ்க்ஸ் என்ற நிரல் தானாகவே மவுண்ட் செய்யட்டும், உபுண்டுவில் மீடியா ஃபோல்டருக்குள் உங்கள் பெயருக்குக் கீழே வந்து நிற்கும். ஒரே லேபிளோடு இரண்டு கார்டு செருகினால் இரண்டாவதன் பெயருக்குப் பின்னால் 1 ஒட்டிக்கொள்ளும், அதைக் கவனித்துக்கொண்டால் போதும்.

பேக்கப் டிஸ்க் வேறு கதை. அதற்கு எஃப்எஸ்டேப்பில், அதாவது எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று எழுதிவைக்கும் ஃபைலில், யூயூஐடி போட்டு ஒரு வரி எழுதிவிடுங்கள், எப்போதும் ஒரே ஃபோல்டரில்தான் வரும். அந்த வரியில் நோஃபெயில் என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். இல்லையென்றால் டிஸ்க் செருகாத நாளில் கம்ப்யூட்டர் 90 விநாடி காத்திருந்து பார்த்துவிட்டு வழக்கமான திரை வராமல் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும், கரண்ட் போய் வந்து நீங்கள் அவசரமாக ஆன் செய்கிற நேரத்தில் அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

யூடெவ் ரூலுக்குள்ளேயே மவுண்ட் கட்டளையை எழுதச் சொல்லும் பழைய வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. லினக்ஸைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டி வந்த பிறகு அது சரிப்படாது, யூடெவ் தனி மவுண்ட் வட்டத்துக்குள் ஓடுவதால் மவுண்ட் ஆனாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் எனக்கு ரொம்பக் கவலை தரும் விஷயம் இது. டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருக்கும்போதும் அந்த வெறும் ஃபோல்டர் இருக்கத்தான் செய்யும். ஸ்கிரிப்ட் அதற்குள்ளேயே காப்பி போடும், ஒரு எர்ரரும் வராது, லேப்டாப்பின் சொந்த டிஸ்க்தான் நிறையும். பேக்கப் எடுத்தாயிற்று என்று நினைத்து கார்டை அழித்துவிடுவார்கள். கீழக்கரையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பிக்கு இதுதான் நடந்தது, நல்லவேளை லேப்டாப்பில் எல்லாம் அப்படியே இருந்தது. அதனால் காப்பிக்கு முன்னால் மவுண்ட்பாயிண்ட் என்ற கட்டளையால் அந்த ஃபோல்டரைச் சோதியுங்கள், மவுண்ட் ஆகவில்லை என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

சரி, இப்போது திரையைக் காட்டுகிறேன், என்னோடு சேர்ந்து அந்த எஃப்எஸ்டேப் வரியை நீங்களும் எழுதுங்கள்.