ஹெப்பாரின் ஏறும் குழந்தை: எந்த எண்ணை நம்புவது?

[திரையில்: எக்மோ இயந்திரம், குழாய்களில் ஓடும் ரத்தம்]

பிளாஸ்டிக் குழாயைத் தொட்டதுமே ரத்தம் உறையப் பார்க்கும். அதனால்தான் எக்மோவில், அதாவது இதயம், நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் இயந்திரத்தில், இருக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து இடைவிடாமல் ஏறுகிறது. அளவு குறைந்தால் ரத்தக்கட்டி, கூடினால் ரத்தக்கசிவு, சில நேரம் மூளையிலேயே. சரி, பரிசோதித்துப் பார்த்து அளவை மாற்றலாமே? மாற்றலாம். ஆனால் ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு பரிசோதனைகள் நேரெதிராகப் பேசுவதும் உண்டு.

[திரையில்: ஹெப்பாரின் ஒரு புரதத்துடன் இணையும் அனிமேஷன்]

ஹெப்பாரின் தனியாக எதையும் சாதிப்பதில்லை. ரத்தத்தில் உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைப் பிடித்து, அதன் வேகத்தைப் பல மடங்கு கூட்டுகிறது, அவ்வளவுதான். பிறந்த குழந்தையிடம் அந்தப் புரதம் பெரியவர்களிடம் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். மருந்தையும் கைக்குழந்தையின் உடல் சீக்கிரம் வெளியேற்றிவிடும். அதனால் வழக்கமான தொடக்க அளவு, ஒரு வயதுக்குள் கிலோவுக்கு மணிக்கு 28 யூனிட், அதற்கு மேல் 20.

[திரையில்: நீல மூடி ரத்தக் குழாய்]

பல காலமாகப் பழகிய பரிசோதனை ஏபிடிடி. பிளாஸ்மா உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பது. இலக்கு பொதுவாக 60 முதல் 85. பச்சிளம் குழந்தைக்கோ, ஹெப்பாரின் கொடுக்கும் முன்பே இது நீண்டுதான் இருக்கும். கல்லீரல் பழுதானால் இன்னும் நீளும். கடும் அழற்சியில் எட்டாம் காரணி என்ற உறையவைக்கும் புரதம் ஏறி, எண்ணை இறக்கிவிடும்.

ஆன்டி டென் ஏ பரிசோதனை ஹெப்பாரினின் வேலையை மட்டும் அளக்கிறது. மில்லிலிட்டருக்கு 0.35 முதல் 0.7 யூனிட் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. இது பெரும்பாலும் நிறத்தைப் படிக்கும் சோதனை. மஞ்சள் காமாலையில் பிலிரூபின் ஏறியிருந்தாலோ, எக்மோ பம்பில் சிவப்பணுக்கள் உடைந்து பிளாஸ்மா சிவந்திருந்தாலோ, இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும். அதை நம்பி மருந்தை ஏற்றினால் ரத்தக்கசிவுதான்.

[திரையில்: நீண்ட ஏபிடிடி, குறைந்த ஆன்டி டென் ஏ]

இப்படி இரண்டும் முரண்பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மாதிரியை. ஹெப்பாரின் ஓடும் லைனிலிருந்தே எடுத்தார்களா? குழாய் அதன் கோடு வரை நிரம்பியதா? குறைவாக நிரம்பினாலே ஏபிடிடி பொய்யாக நீளும். அப்புறம் பிலிரூபின், ஃபைப்ரினோஜன் (ரத்தக்கட்டியை உருவாக்கும் புரதம்), தட்டணுக்கள், ஆன்டித்ராம்பின் அளவுகளைப் பார்க்க வேண்டும். கூடவே குழந்தையையும் பார்க்க வேண்டும்: ஊசி போட்ட இடம் கசிகிறதா, எக்மோ குழாயில் கட்டி தெரிகிறதா?

சந்தேகம் வந்தபோதெல்லாம் ரத்தம் எடுக்கவும் முடியாது. மூன்று கிலோ குழந்தையின் உடலில் மொத்தமே சுமார் 240 மில்லிலிட்டர்தான்.

[திரையில்: பைவாலிருடின்]

சில ஐசியூக்கள் பைவாலிருடின் என்ற வேறொரு உறைவு தடுப்பு மருந்துக்கு மாறுகின்றன. அதற்கு ஆன்டித்ராம்பின் தேவையில்லை. ஆனால் அதை ஆன்டி டென் ஏ அளக்காது, பெரும்பாலும் ஏபிடிடிக்கே திரும்ப வேண்டும். ஹெப்பாரினுக்கு ப்ரோட்டமைன் இருப்பதுபோல அதற்கு முறிப்பு மருந்தும் கிடையாது. நிறுத்திவிட்டு, தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.