பம்பரத்தின் முதுகு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பம்பரத்தில் சாக்கட்டியால் பொட்டு வைத்துச் சுற்றவிடுங்கள். நம் பக்கம் வரும்போது பொட்டு தெரியும், அந்தப் பக்கம் போனதும் மறையும். வெடித்துச் செத்த பெரிய விண்மீனின் அமுங்கிய மிச்சமான நியூட்ரான் விண்மீனில் அப்படி இல்லை. அதன் ஈர்ப்பு ஒளியையே வளைத்து, முதுகிலும் ஒரு பங்கை நமக்குக் காட்டிவிடுகிறது. எவ்வளவு முதுகு தெரிகிறது என்று பார்த்தால், அவ்வளவு நிறை எத்தனை சிறிய உருண்டைக்குள் அடைந்திருக்கிறது என்று கணக்குப் போடலாம்.

ஆரம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? விஷயம் உள்ளே இருக்கிறது. அங்கே பொருள் அணுக்கருவைவிடவும் நெருக்கமாக அமுங்கிக் கிடக்கிறது. நியூட்ரான்கள் உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் இன்னும் சிறிய துகள்களான குவார்க்குகளாகிவிட்டால் பொருள் இளகிவிடலாம், விண்மீன் சுருங்கும். முரண்டு பிடித்தால் பருமனாகவே நிற்கும்.

இதை அளக்கத்தான் 2017 ஜூனில் நைசர் என்ற எக்ஸ் கதிர்க் கருவியை சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள். வாஷிங் மெஷின் அளவுதான் இருக்கும். 2023-இல் அதன் மெல்லிய வெப்பத்திரை கிழிந்து வெயில் உள்ளே புகுந்தது. 2025 ஜனவரியில் விண்வெளி வீரர் நிக் ஹேக் வெளியே போய், பஞ்சர் ஒட்டுவதுபோல ஒட்டுப் போட்டுவிட்டு வந்தார்!

அது முதலில் அளந்து கொடுத்தது ஜே0030+0451 என்ற பல்சார், அதாவது சுழலச் சுழலத் துடிப்பாகக் கதிர் அனுப்பும் நியூட்ரான் விண்மீன். ஏறக்குறைய 1,100 ஒளியாண்டு தூரம், நொடிக்கு 205 சுற்று. ஒரே தரவை ஆம்ஸ்டர்டாம் குழுவும் மேரிலாந்து குழுவும் தனித்தனியே கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டன. ஆரம் ஒருவருக்கு 12.7 கிலோமீட்டர், இன்னொருவருக்கு 13. எக்ஸ் கதிர் வீசும் சூடான பொட்டுகள் எதிரெதிர் துருவங்களில் இருக்கும் என்பது பாடப்புத்தகப் படம். இங்கே எல்லாம் தென்பாதியிலேயே கிடந்தன. ஆம்ஸ்டர்டாம் கணக்கில் ஒன்று பிறைபோல வளைந்திருந்தது. எனக்கு ஆரத்தைவிட இதுதான் பெரிய ஆச்சரியம்.

அடுத்தது ஜே0740+6620. இதற்கு ஒரு வெண்குள்ளன், அதாவது எரிந்து தீர்ந்த சிறிய விண்மீன், துணை உண்டு. பல்சாரின் ரேடியோத் துடிப்பு அந்தத் துணையை ஒட்டிக் கடக்கும்போது கொஞ்சம் தாமதமாகிறது. அந்தத் தாமதத்திலிருந்து கிடைத்த நிறை 2.08 சூரியன். முன்னதைப்போல ஒன்றரை மடங்கு! இத்தனை பாரத்துக்கு ஆரம் நன்றாகக் குறைந்திருக்கலாம். 2021-இல் வந்த விடை ஆம்ஸ்டர்டாமுக்கு 12.4, மேரிலாந்துக்கு 13.7. உள்ளிருக்கும் பொருள் எளிதில் அமுங்குகிற ரகம் இல்லை. ஆனால் இரண்டு அளவிலும் பிழை எல்லை ஒரு கிலோமீட்டர் அளவிலும் அதற்கு மேலும் இருப்பதால், குவார்க் கட்சிக்காரர்கள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

வணக்கம்.