டேப்லெட்டுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

தலைவர் அவர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வேலைக்கும் வீட்டுக்கும் பயன்படும் டேப்லெட் செயலிகள் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஐம்பது செயலிகளின் பெயர்களை வரிசையாக வாசிக்கப் போகிறேன் என்று யாராவது குறிப்பேட்டோடு வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். அப்படிப்பட்ட பட்டியல்களுக்கு இன்று பஞ்சமில்லை. அவற்றைப் பார்த்து இருபது செயலிகளை இறக்கிவிட்டு, பத்தொன்பதை மறுமுறை திறக்காதவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். கைதூக்கச் சொல்லமாட்டேன், கவலை வேண்டாம்.

ஒரு செயலியை டேப்லெட்டில் ஏற்றும் முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: போனில் நடப்பதையே இது கொஞ்சம் பெரிதாகக் காட்டுகிறதா, இல்லை போனில் நடக்கவே நடக்காத எதையாவது செய்கிறதா? முதல் வகை என்றால் அது போனிலேயே இருக்கட்டும். அரட்டை, வாடகைக் கார், பணம் கட்டுவது இவையெல்லாம் சட்டைப்பையில் இருக்கும் கருவிக்கு உரியவை. வாட்ஸ்அப் நிறுவனம் ஐபேடுக்கென்று தனிச் செயலி வெளியிட்டது 2025 மே மாதத்தில்தான். ஐபேட் விற்பனைக்கு வந்து 15 ஆண்டுகள் ஆன பிறகு! பலர் இதை ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். எனக்கோ, அரட்டை எட்டாத ஒரு திரையாவது வீட்டில் இருந்ததே, அதுவும் போயிற்றே என்றுதான் தோன்றியது.

இந்தக் கருவியை முதலில் கற்பனை செய்தவர்கள் அதை யாருக்காகக் கற்பனை செய்தார்கள் தெரியுமா? 1972-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆலன் கே என்ற கணினி அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். நோட்டுப் புத்தக அளவில், கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு கணினி; அதற்கு டைனாபுக் என்று பெயர். அதை வைத்துக்கொள்ளப் போவது குழந்தைகள். அதில் வரைவார்கள், இசை அமைப்பார்கள், தாங்களே நிரல் எழுதி விளையாட்டை மாற்றி அமைப்பார்கள். அதாவது, குழந்தை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பெட்டியாக அவர் அதை நினைக்கவில்லை.

2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகம் செய்தபோது மேடையில் ஒரு சாய்வான நாற்காலியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, இணையப் பக்கங்களையும் புகைப்படங்களையும் தள்ளிக் காட்டினார். அந்தக் காட்சி மக்கள் மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது. டேப்லெட் என்றால் சாய்ந்துகொண்டு பார்ப்பதற்கு என்று. அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. குழந்தைகள் ஸ்க்ராட்ச் என்ற நிரல் மொழியில் உருவாக்கிய விளையாட்டுகளை இயக்கிக் காட்டும் ஒரு செயலியை, விதிமுறையைக் காரணம் காட்டி ஆப்பிள் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. ஸ்க்ராட்சின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், ஆலன் கேயின் குழு உருவாக்கிய ஸ்மால்டாக் மொழியில் போய் நிற்கும். விந்தைதான். பிறகு விதிகள் தளர்ந்தன. 2014-இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகமும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஸ்க்ராட்ச் ஜூனியரை ஐபேடுக்குக் கொண்டுவந்தன. ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கானது. கட்டளைக் கட்டைகளை அடுக்கித்தான் இதில் நிரல் எழுதுவது. அந்தக் கட்டைகளில் எழுத்துகளே கிடையாது; அம்புக்குறிகளும் படங்களும்தான். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை ஒரு பூனையை நடக்கவிட்டு, குதிக்கவிட்டு, தன் குரலையே பதிவுசெய்து அதைப் பேசவும் வைத்துவிடும். விலையும் இல்லை. ஐந்து வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் டேப்லெட்டில் ஏற்ற வேண்டிய முதல் செயலி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி பெரியவர்களின் வேலைக்கு வருகிறேன்.

அலுவலக வேலை என்றதும் வேர்டு, எக்செல் என்று ஆரம்பிப்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விரலால் தொட்டுத் தொட்டு விரிதாளில் கணக்குப் போடுவது ஒரு தண்டனை. விசைப்பலகை இணைத்தால் கொஞ்சம் தேவலை. ஆனால் விசைப்பலகையும் மவுஸும் இணைத்த பிறகு, மடிக்கணினியையே எடுத்திருக்கலாமே என்று தோன்றும். டேப்லெட் மடிக்கணினியை வெல்லும் இடம் வேறு. அதுதான் பேனா.

ஒரு நாற்பது பக்க அறிக்கை பிடிஎஃப் வடிவில் வருகிறது, திருத்தித் தர வேண்டும். மடிக்கணினியில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு குறிப்புப் பெட்டியைத் திறந்து, தட்டச்சு செய்து, மூடி, அடுத்த வரியைத் தேட வேண்டும். டேப்லெட்டில் அச்சுப்படி திருத்துவதுபோல வரியின் மேலேயே அடித்து, ஓரத்தில் அம்பு போட்டு எழுதலாம். உள்ளங்கை திரையில் பட்டாலும் கோடு விழாது. ஒரு குறிப்பைத் தப்பான பத்திக்கு எதிரே எழுதிவிட்டீர்களா? கண்ணி (lasso) என்ற கருவியால் அதைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, இழுத்துச் சரியான இடத்தில் விடலாம். காகிதத்தில் முடியாத காரியம் இது. குட்நோட்ஸ், சாம்சங் நோட்ஸ், ஒன்நோட் எனக் குறிப்பெழுதும் செயலிகளில் எதை எடுத்தாலும் இந்த அடிப்படை வசதிகள் இருக்கின்றன. எது சிறந்தது என்று இரவெல்லாம் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது வீண். கருவியோடு வந்ததிலேயே தொடங்குங்கள்.

நோட்டபிலிட்டி என்ற குறிப்புச் செயலியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் நீங்கள் குறிப்பு எழுதும்போதே அது ஒலியையும் பதிவுசெய்துகொள்ளும். பிறகு, "பட்ஜெட் – மறுபரிசீலனை?" என்று நீங்கள் கிறுக்கி வைத்த இடத்தைத் தொட்டால், அதை எழுதிய நொடியில் என்ன பேசிக்கொண்டிருந்தார்களோ அங்கிருந்து ஒலி தொடங்கும். ஒன்றரை மணி நேரப் பதிவை முன்னும் பின்னும் தள்ளித் தேடும் அவஸ்தை இல்லை. பத்திரிகையாளருக்கும் மாணவருக்கும் இது வரப்பிரசாதம். எதிரில் இருப்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், அது முக்கியம்.

அதே நோட்டபிலிட்டி 2021 நவம்பரில், ஒருமுறை பணம் கட்டி வாங்கும் முறையிலிருந்து ஆண்டுச் சந்தாவுக்கு மாறியது. ஏற்கெனவே வாங்கியவர்களும் ஓராண்டுக்குப் பிறகு சந்தா கட்ட வேண்டும் என்றதும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. சில நாள்களிலேயே நிறுவனம் இறங்கிவந்து, பழைய வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் வாங்கிய வசதிகள் தொடரும் என்று அறிவித்தது. எதிர்ப்பு வென்றது மகிழ்ச்சி. ஆனால் ஒவ்வொரு தடவையும் வெல்லும் என்று சொல்ல முடியாது. ஆகவே உங்கள் குறிப்புகளை மாதம் ஒரு முறையாவது பிடிஎஃப் ஆக மாற்றி வேறிடத்தில் சேமித்துவையுங்கள். குறிப்புகளை வெளியே எடுக்க வழி தராத செயலியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

சிரிப்பதற்கு ஒரு செய்தி. ஐபேடோடு 14 ஆண்டுகள் கால்குலேட்டரே வரவில்லை! ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் ஜியோமெட்ரிப் பெட்டி அளவு கருவியில் எல்லாம் இருப்பது அதில் இல்லை. 2024-இல் வந்தபோது மட்டும் வட்டியும் முதலுமாக வந்தது. பேனாவால் ஒரு கணக்கை எழுதி சமக்குறி போட்டால், விடை உங்கள் கையெழுத்துச் சாயலிலேயே பக்கத்தில் வந்து நிற்கும். மேலே ஓர் எண்ணை மாற்றினால் கீழே உள்ள கூட்டுத்தொகையும் தானே மாறிக்கொள்ளும். வீட்டுச் செலவுக் கணக்குக்கு எனக்கு இப்போது விரிதாளே வேண்டியிருப்பதில்லை. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் முகம் சுளிக்க வேண்டாம், கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழிலேயே கையால் எழுதி உள்ளிடும் வசதி உங்களிடம் இருக்கிறது.

வரைவதைப் பற்றிப் பேசும்போது பாதிப் பேர், எனக்குக் கோடுகூட நேராக வராது என்று விலகிக்கொள்வார்கள். டேவிட் ஹாக்னி என்ற பிரிட்டிஷ் ஓவியர் எழுபது வயதைக் கடந்த பிறகுதான் போனிலும், அடுத்து ஐபேடிலும் வரையத் தொடங்கினார். 2010-இல் பாரிஸில் நடந்த கண்காட்சியில் அந்தப் படங்களை அச்சிட்டு மாட்டவில்லை. போன்களிலும் ஐபேடுகளிலும் ஒளிரவிட்டே காட்டினார். படம் எப்படி உருவாயிற்று என்பதைக் கோடு கோடாகத் திரும்ப ஓட்டிக்காட்ட முடிவது அவரைப் பெரிதும் கவர்ந்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் உருவான ப்ரோக்ரியேட் செயலி 2011 முதல் இருக்கிறது. ஒருமுறை வாங்கினால் போதும், சந்தா கிடையாது. நீங்கள் போடும் கோடுகளையெல்லாம் அது பதிவுசெய்துகொண்டே வந்து, கடைசியில் விரைவான காணொளியாக ஓட்டிக்காட்டும். கோணல் கோடு எப்படி முகமாக மாறியது என்று பார்க்கும்போது, வரையத் தெரியாதவருக்கும் அடுத்த படம் போட ஆசை வரும். பணம் செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு கிரிட்டா இருக்கிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஓடும், இலவசம், திறந்த மூலம் (அதன் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம்). பொத்தான்கள் கணினிக்காகச் செய்தவை என்பதால் கொஞ்சம் பொடிசாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இசைக்குறிப்பைப் பார்த்து வாசிப்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா? இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கும்போது பக்கத்தை யார் புரட்டுவது என்பது நெடுநாளைய பிரச்சினை. ஃபோர்ஸ்கோர் செயலி, முகத்தை அறியும் கேமரா உள்ள ஐபேடில், தலையை லேசாகத் திருப்பினாலே பக்கத்தைப் புரட்டிவிடும். இன்னொரு நுட்பம் இதைவிட எனக்குப் பிடிக்கும்: அரைப்பக்கம் மட்டும் புரட்டுவது. கீழ்ப்பாதியில் இந்தப் பக்கத்தின் கடைசி வரிகள் இருக்கும்போதே மேல்பாதியில் அடுத்த பக்கத்தின் தொடக்கம் வந்து காத்திருக்கும். வாசிக்கும் கண் எங்கும் தடுக்கி நிற்காது. வாத்தியம் வாசிப்பவர் யாரோதான் இதை யோசித்திருக்க வேண்டும்.

வானம் பார்க்க ஸ்டெல்லேரியம். டேப்லெட்டை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், அந்தத் திசையில் உள்ள விண்மீன்களின் பெயர்கள் திரையில் தெரியும். இரவுப் பார்வைக்கான சிவப்பு நிற அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரை வெளிச்சத்தில் கண் கூசி உண்மையான வானம் தெரியாமல் போய்விடும். வியாழன் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு இருந்தால் செயலியைத் திட்டாதீர்கள். உறையில் காந்தம் இருக்கும், அது திசைகாட்டியைக் குழப்பும். உறையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் அருமையான செயலி, கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருகிறது. ஆனால் நான் முதலில் சொன்ன கேள்விப்படி அதன் இடம் போன்தான். காட்டுக்குள் யார் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அலைவது?

விளையாட்டுகளில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, டேப்லெட்டை நடுவில் படுக்கவைத்து ஆடக்கூடியவற்றைத் தேடுங்கள். சதுரங்கத்துக்கு லிசெஸ் போதும். விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. இதற்கு மேல் விளையாட்டைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், என் வீட்டில் நான்தான் எப்போதும் தோற்கிறவன்.

கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பேச்சு வராத குழந்தைகளுக்காக ப்ரோலோக்வோ2கோ என்ற செயலி 2009-இல் வந்தது. திரையில் படக்கட்டங்கள் இருக்கும். 'எனக்கு', 'வேண்டும்', 'தண்ணீர்' என்று தொடத்தொட, செயலி அதை வாக்கியமாக உரக்கச் சொல்லும். அதற்கு முன்பும் இப்படிப் பேசும் கருவிகள் உண்டு. ஆனால் அவை கனமானவை, டேப்லெட்டைவிடப் பல மடங்கு விலை, பழுதானால் மாற்றுவது பெரும்பாடு. போன் திரையில் இந்தக் கட்டங்கள் மிகச் சிறியவையாகிவிடும்; விரலைக் குறிபார்த்து வைக்கச் சிரமப்படும் குழந்தைக்கு அது உதவாது. பத்து அங்குலத் திரை என்பது இங்கே சொகுசு இல்லை. இந்தச் செயலி இருக்கும் டேப்லெட்டில் தயவுசெய்து கார்ட்டூன் போடாதீர்கள். அது அந்தக் குழந்தையின் வாய். கார்ட்டூன் ஓடும்போது அதன் வாயை மூடிவிடுகிறோம். முடிந்தால் பொழுதுபோக்குக்கு வேறொரு கருவி வைத்துக்கொள்ளுங்கள்.

அரங்கிலிருந்து இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன.

முதல் கேள்வி: "வீட்டில் பழைய டேப்லெட் ஒன்று கிடக்கிறது. புதிய செயலிகள் ஏறவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?" வேண்டாம். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன கருவியில் வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் வைத்திருக்காதீர்கள், அவற்றை முதலில் நீக்குங்கள். பிறகு அதை ஒரே ஒரு வேலைக்கு ஒதுக்குங்கள். பிடிஎஃப் புத்தகங்களை ஏற்றி, இணையத்தைத் துண்டித்துவிட்டால் அருமையான படிப்புப் பலகை. ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களின் எழுத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி, வரிக்கு வரி நகர்த்திப் படிப்பதைவிட எவ்வளவோ மேல். பாட்டரி உப்பி, திரை மேலே எழும்பியிருந்தால் மட்டும் யோசிக்காமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது: "விலை குறைந்த பேனா போதுமா?" குறிப்பு எழுதப் போகிறீர்கள் என்றால் போதாது. ரப்பர் முனைப் பேனாவை டேப்லெட் இன்னொரு விரலாகத்தான் பார்க்கும். அழுத்தம் தெரியாது, உள்ளங்கை பட்டால் கோடு விழும். உங்கள் டேப்லெட்டுக்கென்றே செய்த பேனாவை வாங்குங்கள். சாம்சங்கின் எஸ் பேனாவுக்கு எழுதுவதற்கு மின்னேற்றமே வேண்டாம், திரைக்கு அடியில் உள்ள தகட்டிலிருந்தே சக்தியை எடுத்துக்கொள்ளும். ஆனால் எல்லா கேலக்ஸி டேப்லெட்டும் அந்தப் பேனாவை ஏற்காது. ஆப்பிள் பென்சிலிலும் பல வகை, எல்லா வகையும் எல்லா ஐபேடிலும் எழுதாது. ஆகவே கருவியின் பின்புறமோ அமைப்புகள் பகுதியிலோ இருக்கும் மாடல் எண்ணை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். திறந்த பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடைகள் குறைவு.

வணக்கம்.