எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு ரயில் அடுக்கு

வணக்கம். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன், சத்தம் தெளிவாகக் கேட்கும் என்று நினைக்கிறேன். பின்னால் தெரிகிற மர அலமாரி அப்பா சேர்த்தது. விசிடி, டிவிடி எல்லாமாகச் சேர்த்து 300-க்கு மேல் இருக்கும். போன வாரம் தூசி தட்டும்போது காதல் படங்களைத் தனி அடுக்காக எடுத்து வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், எனக்கு ரொம்பப் பிடித்த மூன்று படங்களும் ரயில் நிலையத்தில்தான் முடிகின்றன. 1982-இல் வந்த மூன்றாம் பிறை, 1986-இல் மௌன ராகம், 1996-இல் காதல் கோட்டை.

இதோ, மூன்றாம் பிறையின் இரண்டாவது சிடி. வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுகிறேன். விளிம்பை ஒட்டி, நகத்தால் கீறினது போல வளைவாக ஒரு கோடு தெரிகிறதா? என் சின்ன வயதில் பாதி அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

இசைத்தட்டில் முள் வெளியிலிருந்து உள்ளே போகும். சிடியை பிளேயர் நடுவிலிருந்து வெளியே படித்துக்கொண்டு வரும். அதனால் நிறைந்த சிடியில் படத்தின் முடிவு விளிம்புக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நாம் விரல் வைத்து எடுப்பதும் அந்த இடத்தைத்தான். எங்கள் வீட்டு பிளேயரில் ஊட்டி மலை ரயில் பாதையில் இருக்கிற கேத்தி ஸ்டேஷன் வரும், மழை கொட்டும், சீனுவாக நடிக்கும் கமல், விஜியாக நடிக்கும் ஸ்ரீதேவி இருக்கிற ரயிலை நோக்கி ஓடி வருவார். அவ்வளவுதான். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அப்பா சிடியை எடுத்து, பழைய வேட்டித் துணியால் துடைத்து, ஊதி, மறுபடி போடுவார். அதே இடத்தில் நிற்கும்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். "விஜி சீனுவை அடையாளம் கண்டுபிடிச்சிட்டா. ரயிலை விட்டு இறங்கிட்டா. ரெண்டு பேரும் நாய்க்குட்டியைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றார் அம்மா. நானும் அப்படியே நம்பினேன். பல வருஷம் எனக்கு அந்தப் படத்தின் முடிவு அதுதான்.

கல்லூரி விடுதியில் ஒரு தோழியின் கணினியில்தான் முழுதாகப் பார்த்தேன். விபத்தில் நினைவிழந்து சீனுவின் பராமரிப்பில் இருந்த விஜிக்குப் பழைய நினைவு திரும்பிவிட்டது, சீனுவோடு இருந்த நாட்கள் மறந்துவிட்டன. அவளைச் சிரிக்கவைக்க முன்பு ஆடிய குரங்காட்டத்தை, தலையில் பானையை வைத்துக்கொண்டு, சேற்றில் நொண்டியபடி சீனு ஆடிக் காட்டுகிறான். அவள் யாரோ ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள். ரயில் போய்விடுகிறது. அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை நான். படத்தை இயக்கிய பாலு மகேந்திராதான் ஒளிப்பதிவும், அதற்குத் தேசிய விருது வாங்கினார். கமலுக்கும் இந்தப் படத்துக்குத் தேசிய விருது. கண்ணதாசன் கடைசியாக எழுதிய பாட்டு இதில் வரும் 'கண்ணே கலைமானே' என்பார்கள். படம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

ஊட்டி மலை ரயிலில் நான் போயிருக்கிறேன். கேத்தி சின்ன ஸ்டேஷன். வண்டி அங்கே மெதுவாகத்தான் கிளம்பும், பக்கத்திலேயே ஓடி வரலாம். ஓடி வர முடிகிறது, கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறாள், ஆனாலும் அடைய முடியவில்லை. அதுதான் அந்தக் காட்சியில் என்னை வதைக்கிறது.

மௌன ராகம் வேறு மாதிரி. திவ்யாவிடம் என்ன பரிசு வேண்டும் என்று கணவர் சந்திரகுமார் கேட்கிறார், "விவாகரத்து" என்கிறாள். அவர் ஏற்கெனவே வாங்கி வைத்தது ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் மனு போட முடியாது என்று வக்கீல் சொல்ல, அந்தக் காத்திருப்புதான் முழுப் படமும். கடைசியில் ஸ்டேஷனில் அவள் மனதைச் சொல்லிவிடுகிறாள், ரயிலும் கிளம்புகிறது. இங்கே அவர் ஓடிப்போய் ஏறிவிடுகிறார். சொல்ல வேண்டியதைச் சொல்ல ரயில்தான் ஒருத்தரை அவசரப்படுத்துகிறது, இல்லையா? வீட்டு வரவேற்பறையில் இருவரும் இன்னும் பத்து வருஷம் பேசாமலே இருந்திருப்பார்கள்.

காதல் கோட்டைக்கு அகத்தியன் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது வாங்கினார். கடிதத்திலேயே காதலித்தவர்கள், முகம் தெரியாது. அவள் அனுப்பிய ஸ்வெட்டர் அடையாளம் காட்டிக்கொடுக்கிறது. மூன்றில் இதை மட்டும் நான் சந்தோஷமாகப் பார்ப்பேன்.

சரி, சிடி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வட்டமாகத் துடைக்காதீர்கள். பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். குறுக்குக் கீறலை பிளேயர் பெரும்பாலும் சமாளித்துவிடும். தடத்தோடு ஓடுகிற வளைவுக் கீறல், இதோ இது போல, ஒரே இடத்தில் நிறையத் தகவலைத் தின்றுவிடும். அப்பா ஆசையோடு வட்ட வட்டமாகத்தான் துடைத்தார்.

நல்ல பிரதி வாங்கிவிட்டேன், இந்தப் பழையதையும் தூக்கிப்போடப் போவதில்லை. போன ஞாயிறு அம்மாவோடு உட்கார்ந்து புதியதைப் பார்த்தேன். கேத்தியில் மழை ஆரம்பித்ததும் அம்மா எழுந்தார். "காபி போட்டுட்டு வரேன், நீ பாரு" என்றார். 1982-இல் தியேட்டரிலேயே பார்த்தவர். ரயில் போய் முடிகிற வரை சமையலறையிலிருந்து வரவே இல்லை.