மதிப்பெண்ணும் மன்னிப்பும்

வணக்கம் நேயர்களே. “நல்லாப் படிக்கிற பையன், அவன் எதிர்காலம் வீணாகிவிடும்.” பாலியல் புகார் என்று பேச்சு எழுந்தாலே நம் வீடுகளில் இந்த வாக்கியமும் வந்துவிடுகிறது. குடும்பநல ஆலோசகராக நான் இதைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். பையனின் அம்மா சொல்வார், சரி. பாதிக்கப்பட்ட பெண்ணின் அப்பாவே சொல்லும்போதுதான் மனம் தாங்குவதில்லை.

நம் வீட்டில் மட்டுமல்ல, ஒரு காலத்தில் அதிகாரபூர்வமாகவும் இப்படித்தான் பேசினார்கள். 2019 ஏப்ரலில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக விடுதியில் குளிக்கும்போது தன்னை ஒருவர் படம் பிடித்ததைப் பற்றி ஒரு மாணவி இன்ஸ்டகிராமில் எழுதினார். படம் பிடித்தவரும் மாணவர்தான். அவருக்குக் கிடைத்தது காவல்துறையின் 12 மாத நிபந்தனை எச்சரிக்கை, அதாவது அந்தக் காலத்தில் மறுபடி குற்றம் செய்யாவிட்டால் வழக்கு இல்லை. கூடவே பல்கலைக்கழகத்தின் ஒரு பருவ இடைநீக்கம். வழக்குத் தொடுத்தால் அவருடைய எதிர்காலம் பாழாகும் என்பதும் காவல்துறை சொன்ன காரணங்களில் ஒன்று. மக்கள் கொதித்தார்கள். அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யி காங்கும் பல்கலைக்கழகத் தண்டனை போதாது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அதே ஆண்டு இன்னொரு வழக்கு. எம்ஆர்டி ரயில் பயணத்தின்போது ஒரு பெண்ணை மானபங்கம் செய்ததாக ஒரு பல்கலைக்கழக மாணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மாவட்ட நீதிமன்றம் 21 மாத நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டுவிட்டது. அவருடைய நல்ல மதிப்பெண்களும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2020 ஏப்ரலில் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் அந்தத் தீர்ப்பை மாற்றி இரண்டு வாரச் சிறை விதித்தார். நன்றாகப் படிப்பதாலேயே ஒருவர் திருந்திவிடுவார் என்று ஆகாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இரண்டு வாரம் குறைவுதானே என்று கேட்கலாம். எனக்கு அந்த நாள்கணக்கைவிட இந்த விளக்கமே பெரிதாகத் தெரிகிறது.

2021 மார்ச்சில் அப்போதைய சட்ட அமைச்சர் கா. சண்முகம் தண்டனைகள் பற்றிய மறுஆய்வின் முடிவுகளை வெளியிட்டார். பாலியல் குற்றங்களிலும் பிறரைக் காயப்படுத்தும் குற்றங்களிலும் குற்றவாளியின் படிப்புக்குப் பொதுவாகப் பெரிய சலுகை தரக்கூடாது என்பது அரசாங்கத்தின் நிலைப்பாடு ஆயிற்று. மானபங்கத்துக்கான அதிகபட்சச் சிறையும் இரண்டு ஆண்டுகளிலிருந்து மூன்றாக உயர்த்தப்பட்டது. சட்டத்தில் இது நடந்துவிட்டது. வீட்டில் இன்னும் நடக்கவில்லை.

மதிப்பெண்ணை நாம் நல்ல குணத்துக்குச் சான்றிதழாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வில் தொடங்குகிறது இது. அந்தப் பையனுக்குத் தேர்வு இருக்கிறது, ஸ்காலர்ஷிப் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறோம். அந்தப் பெண்ணுக்கும் அதே தேர்வு இருக்கிறதே! விடுதியில் குளிக்கப் பயந்துகொண்டு அவள் எப்படிப் படிப்பாள் என்று யாராவது கேட்கிறோமா?

பொய்ப் புகார் வந்தால் என்ன செய்வது என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். புகார் கொடுத்தாலே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். புகார் கொடுத்தவரின் வாக்குமூலத்தைத் தவிர வேறு சான்றே இல்லாத வழக்கில், அந்தச் சாட்சியம் வழக்கத்தைவிடக் கூடுதலாக நம்பும்படி இருந்தால்தான் நம் நீதிமன்றங்கள் தண்டிக்கும். வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பதும் குற்றம். ஆகவே விசாரிக்கும் வேலையை விசாரிக்க வேண்டியவர்களிடம் விடுவோம். வாட்ஸ்அப் குழுவில் ‘அந்தப் பெண் யார்’ என்று துருவ வேண்டாம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். பெயரைச் சொல்லாமல் புளோக் எண், பள்ளி, யார் மகள் என்று கோடு காட்டினாலும் அடையாளம் தெரிந்துவிடும். நம் சமூகம் சிறியது, நேயர்களே. தேக்காவில் சொன்னால் மாலைக்குள் ஈசூனுக்குப் போய்விடும்.

இப்போது பாதிக்கப்பட்டவர்களுக்கு. ‘இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை’ என்று யாராவது கேட்டால் தலைகுனிய வேண்டாம். சிங்கப்பூரில் இத்தகைய குற்றங்களைப் புகார் செய்யக் காலக்கெடு கிடையாது. பாதிக்கப்பட்ட எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள் என்று எதிர்பார்க்கக்கூடாது என்று நம் நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. குறுஞ்செய்திகள், படங்கள் எதையும் அழிக்காதீர்கள். அண்மையில் நடந்த தாக்குதல் என்றால் குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் முன்பே காவல்துறைக்கோ மருத்துவமனைக்கோ போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நம்பிக்கையான ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். பேச யாருமே இல்லை என்றால், வன்முறை, பாலியல் தொல்லைக்கான தேசிய உதவி எண் 1800-777-0000. எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகள் வந்து சொன்னால், ‘யாரிடமும் சொல்லாதே’ என்று தொடங்காதீர்கள். முதலில் அவள் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் என்ன செய்யலாம் என்று அவளையே கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.