பைக்கிலிருந்து பாத்ரூம் வரை

நேயர்களுக்கு வணக்கம். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடத்தில் அடிபட்டு கைகால் செயலிழந்தவர் என்றால் பைக்கிலிருந்து விழுந்த ஓர் இளைஞர்தான் நம் நினைவுக்கு வருவார். அதில் தவறில்லை. ஆனால் பல நாடுகளில் இந்தக் காயம் இப்போது வயதானவர்களைத் தேடிப் போகிறது.

அமெரிக்காவில் 1970-களிலிருந்தே இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்போது அடிபட்டவர்களின் சராசரி வயது 29, இப்போது 43. வாகன விபத்துதான் அங்கே இன்னமும் முதல் காரணம் என்றாலும், விழுந்து அடிபடுவது அடுத்த இடத்தில் நெருங்கி நிற்கிறது. ஜப்பானில் அதுவே முதலிடத்துக்கு வந்துவிட்டது. 2018-ஆம் ஆண்டு நோயாளிகளை வைத்து அங்கே எடுத்த கணக்கில் பாதிப் பேர் 70 வயதை எட்டியவர்கள். காரணங்களில் முதலிடம், சமதரையில் தடுக்கி விழுவது!

தடுக்கி விழுந்தால் தண்டுவடம் போகுமா? போகும். வயதாக ஆகக் கழுத்தெலும்புகளின் ஓரத்தில் புதிதாக எலும்பு வளரும். இடையில் இருக்கும் சவ்வு தேய்ந்து பின்னால் பிதுங்கும். தண்டுவடம் இறங்கிவரும் பாதை இப்படிக் குறுகிப்போனது பலருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் வலி இருக்காது. அந்த நிலையில் குப்புற விழுந்து நெற்றியோ மோவாயோ தரையில் மோதினால், கழுத்து பின்பக்கம் மடங்கும். ஏற்கெனவே இடமில்லாமல் இருக்கும் தண்டுவடம் நசுங்கும். எக்ஸ்ரேயில் முறிவே தெரியாமல் போகலாம். கால் ஓரளவு நடக்கும், கைதான் சட்டைப் பொத்தான் போடக்கூட வராது. "நடக்கிறாரே, ஒன்றுமில்லை" என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிடுவார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். விழுந்தவருக்கு விரல் மரத்தாலோ, கையில் பிடிமானம் குறைந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று, காரணங்களைக் குறைக்கவும் முடியும். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதி விளையாடும் அமெரிக்கக் கால்பந்தில், எதிராளியைத் தலையால் முட்டித் தள்ளுவதை 1976-இல் தடைசெய்தார்கள். கழுத்து முறிந்து முடங்கும் பையன்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே சரசரவென்று இறங்கியது.

சரி, நம் ஊர்? இங்கே பழையதும் புதியதும் சேர்ந்தே இருக்கின்றன. பனை, தென்னை ஏறுகிறவர்கள், சாரத்தில் நின்று பூசுகிறவர்கள், கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடியில் தூக்கத்தில் உருண்டவர்கள் என்று உயரத்திலிருந்து விழும் கதைகள்தான் நிறைய. பெரும்பாலும் வீட்டுக்குச் சம்பாதித்துப் போடும் ஆண்கள். பாத்ரூமில் வழுக்கி விழும் தாத்தா பாட்டிகளும் இப்போது அதே வார்டுக்கு வருகிறார்கள்.

மரத்தடியில் விழுந்து கிடப்பவரை ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீர்கள். நகர்ந்த எலும்பு தண்டுவடத்தை மேலும் நசுக்கிவிடும். 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்திருங்கள், எழுந்து உட்காரச் சொல்லாதீர்கள், தண்ணீரும் கொடுக்க வேண்டாம்.